பசிக்க விடாத விளக்கு

மூன்றாவது கட்டைப்பையைப் பார்த்த பிறகுதான் டாக்டர் மங்கையர்க்கரசிக்குப் பொறி தட்டியது.

கட்டில் காலோடு சாய்த்து வைத்திருந்தார்கள். புத்தம் புதுப் பை. ரோஜா நிறம், மொடமொடப்புக்கூடப் போகவில்லை, ஒரு பக்கம் முழுக்க ஆறு மாடி ஜவுளிக்கடையின் படம். உள்ளே ஃபிளாஸ்க், மாற்றுத் துணி, ஒரு சீப்பு வாழைப்பழம். மதுரையில் ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரும் கட்டைப்பை இல்லாமல் வருவதில்லை, அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டில் எங்கேயோ கிடக்கிற, கைப்பிடி ஆடிப்போன பழைய பையைத்தான் அவசரத்துக்கு எடுத்து வருவார்கள். பாண்டிச்செல்வி மட்டும் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒவ்வொரு முறையும் புதுப் பையோடு வந்திருக்கிறாள். முதல் தடவை பச்சை. அடுத்தது மஞ்சள். இப்போது ரோஜா.

கட்டிலில் மகள் லோசனி சுருண்டு கிடந்தாள். வயிறு பானையாக உப்பியிருந்தது. குடலில் நரம்பே இல்லாமல் பிறந்த பெண் அவள். சாப்பிட்டது உள்ளே போகும், போன இடத்தில் அப்படியே நிற்கும். பள்ளிக்கூட நாட்களில் பாதியை இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கழித்தாள். அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும்தான் மங்கையர்க்கரசி தன் ஆயுளில் பாதியைக் கொட்டி அந்த ஊசியைக் கண்டுபிடித்தாள். குளத்துப் பாசி வெளிச்சத்தைப் பார்த்து நகரும் அல்லவா, அந்தப் புத்தியை எடுத்துக் குடல் தசைக்கு ஏற்றுகிற ஊசி. ஊசி போட்ட பிறகு, இடுப்பில் கட்டிய பெல்ட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி வயிற்றுக்குள் இறங்கும். ஒளி ஒரு மாதிரி துடித்தால் குடல் தள்ளும். வேறு மாதிரி துடித்தால் நிற்கும். தள்ளுகிற துடிப்புக்கு அவள் 'ஓடை' என்று பெயர் வைத்தாள். நிறுத்துகிற துடிப்புக்கு 'அணை'. பேதியில் சாகக் கிடக்கிற குழந்தைகளுக்காக அணையைச் செய்தாள்.

முதல் ஊசியை யாருக்குப் போடுவது என்று கமிட்டி கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் தன் வயிற்றிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து, சும்மா இருக்கும்போதெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பைத் தன் வயிற்றிலேயே வைத்துக் கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. "மேடம் வயித்துக்கூடப் பேசிட்டிருக்காங்க" என்று நர்சுகள் சிரிப்பார்கள்.

லோசனி மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தாள். பரோட்டா தின்றாள், பஸ்ஸில் வேலைக்குப் போனாள். இந்த இரண்டு மாதத்தில்தான் இந்தக் கூத்து. திடீரென்று குடல் இறுகி, முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பெல்ட்டைக் கழற்றிச் சோதித்தால் பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை.

"அரசி, நான் சொல்றதைக் கேளு," என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர் இக்னேஷியஸ். அவளோடு ஒன்றாகப் படித்தவர், அதனால்தான் இப்படி ஒருமை. "பார்ப்போம் பார்ப்போம்னு மூணு தடவை ஆயிருச்சு. இன்னொரு தடவை முறுக்குச்சுன்னா குடல் அழுகிரும். அப்புறம் எடுத்துட்டு, வயித்துக்கு வெளியில மலத்துக்குப் பை வைக்கிறதைத் தவிர வழியில்ல. ஆயுசு பூரா பைதான்."

"தெரியும்."

"தெரிஞ்சா போதுமா? காரணத்தைக் கண்டுபிடி."

அப்போதுதான் அவள் கண் ரோஜா நிறப் பையில் விழுந்தது.

"பாண்டிச்செல்வி, காலையில எங்க போயிருந்தீங்க?"

"வீட்லதான் டாக்டரம்மா இருந்தோம். எங்கிட்டும் போகல."

"போன தடவை?"

"அப்பயும் வீட்லதான்."

"அப்ப இந்தப் பை வீட்டுக் கொல்லையில காய்க்குதா?"

பாண்டிச்செல்வி பையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து லோசனிதான் பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனோம் மேடம். மொதல்ல நிச்சயத்துக்கு. அப்புறம் முகூர்த்தப் பட்டு. இன்னைக்குச் சம்பந்திமாருக்கு."

"கல்யாணமா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தோம்," என்று பாண்டிச்செல்வி உடைந்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்கு இந்தப் பெல்ட்டு விசயமே தெரியாது டாக்டரம்மா. நீங்க எங்கயாச்சும் வாய் தவறிச் சொல்லி, நாலு பேரு காதுல விழுந்து, கல்யாணம் நின்னு போச்சுன்னா? கடைக்கு அவுகளும் கூட வந்தாக. மாப்பிள்ளையோட அத்தைக்கு ஒரு சேலையும் பிடிக்க மாட்டேங்குது. காலையில ஜமக்காளத்துல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் விரிச்சுப் போடு, விரிச்சுப் போடுன்னு ஒரே பாட்டு. எங்க, நடுவுல எந்திரிச்சா தப்பா நெனைப்பாகளோன்னு இவ வலியைப் பொறுத்துக்கிட்டே உக்காந்திருக்கா."

மங்கையர்க்கரசிக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று முறை உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, இந்த அம்மா சம்பந்தி என்ன நினைப்பார் என்று கவலைப்பட்டிருக்கிறாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். லோசனியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். திட்டு வேறு யாருக்கோ சேர வேண்டியது என்று அவளுக்கு உள்ளுக்குள் தோன்றியது.

மறுநாள் அவளே அந்தக் கடைக்குப் போனாள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. கூரை முழுக்க வரிசை வரிசையாகச் சதுர விளக்குகள். பார்ப்பதற்குச் சாதாரண விளக்குகள்தான். ஜமக்காளத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கைப்பைக்குள்ளிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, சேலைத் தலைப்புக்குள் நுழைத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வயிறு பேசவில்லை. காலையில் நான்கு இட்லி சாப்பிட்டு வந்த வயிறு. கடகடவென்று ஏதாவது சத்தம் வந்தே ஆக வேண்டும். இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். ஊமை. கூரையிலிருந்து அவளுடைய அணைதான் பொழிந்துகொண்டிருந்தது.

"என்ன கலர் மேடம் பார்க்குறீங்க?" என்று எதிரே ஒரு பெண் கேட்டாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் முத்துப்பேச்சி என்று எழுதியிருந்தது. இருபது வயதுக்கு மேல் இருக்காது.

"கலர் இருக்கட்டும்மா. உங்களுக்கெல்லாம் ஏதாவது ஊசி போட்டாங்களா?"

"ஆமா மேடம், ஹெல்த் கேம்ப்ல. அசிடிட்டி வராம இருக்க." அவள் மேற்பார்வையாளர் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு ஒரு சேலையை விரித்தாள், பேசுவதற்குச் சாக்காக. "நல்ல ஊசி மேடம். கடையில விளக்கைப் போட்டாங்கன்னா பசிக்கவே பசிக்காது. பாத்ரூமும் வராது. முன்னாடியெல்லாம் பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட டோக்கன் வாங்கணும், அவரு ஒரு மாதிரி பார்ப்பாரு. இப்ப அந்தத் தொல்லையே இல்ல."

"மத்தியானம் சாப்பாடு?"

"அதை நிறுத்திட்டாங்கல்ல. பசிக்காதவங்களுக்கு எதுக்குச் சாப்பாட்டு நேரம்னு."

"அப்ப எப்பத்தான் சாப்பிடுவீங்க?"

"விளக்கை அமத்துன பெறகு. அப்பதான் மேடம் கஷ்டம்." முத்துப்பேச்சியின் குரல் தணிந்தது. "ஹாஸ்டலுக்குப் போனா பசி, வலி, எல்லாம் ஒண்ணா வரும். எங்க அறை முழுக்க வயித்தப் பிடிச்சிக்கிட்டுக் கிடப்போம். ரெண்டே ரெண்டு கக்கூசு. வரிசையில நிக்கையிலயே சில பிள்ளைங்களுக்கு..." அவள் சட்டென்று வேறொரு சேலையை விரித்தாள். "இந்த மயில் கழுத்துப் பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்."

பேதிக்குழந்தைகள் வார்டில் வரிசையாகத் தொட்டில்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பெல்ட் கட்டிக்கொண்டிருக்க முடியாது, கூரையில் ஒரே விளக்காக இருந்தால் சௌகரியம் என்று சொன்னவளே அவள்தான். பெரிய விளக்காகச் செய்து கொடுத்தாள். அந்த விளக்குதான் இப்போது இந்தப் பிள்ளைகளின் சோற்று நேரத்தைத் தின்றுகொண்டு தலைக்கு மேல் பல்லிளித்தது. அடப்பாவிகளா என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மேலாளர் சிவநேசன் அவளைக் குளிர் அறைக்குள் உட்கார வைத்து, இளநீர் வரவழைத்து, கை கூப்பினார்.

"மேடம் நீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா வாசல்ல வந்து நின்னிருப்பேன். இந்த விளக்கைக் கண்டுபிடிச்சதே நீங்கதானாம்ல? அடுத்த கிளைத் திறப்பு விழாவுக்கு உங்களைத்தான் கூப்பிடணும்னாரு முதலாளி."

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"உங்க ஆஸ்பத்திரி கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கு. கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருக்கு. எல்லாப் பிள்ளைகள்கிட்டயும் கையெழுத்து இருக்கு."

"அசிடிட்டி ஊசின்னு சொல்லி வாங்கின கையெழுத்து."

"இப்ப அசிடிட்டி யாருக்கும் இல்லையே மேடம்." அவர் சிரித்தார். நிஜமாகவே அதை நல்ல பதிலென்று நினைத்துச் சிரித்தார். "பொம்பளைப் பிள்ளைக பாத்ரூம் போக முடியாமத் தவிச்சதைப் பார்த்திருக்கேன். கக்கூசு கட்ட இடம் எங்க இருக்கு? அந்த இடத்துக்கு ரெண்டு கவுண்டர் போடலாம். நீங்க எங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க."

அவள் இளநீரைத் தொடாமல் எழுந்தாள். இந்த மனிதனை அறைந்தால் ஒரு விளக்குகூட அணையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டேதான் படி இறங்கினாள்.

அன்று மாலை இக்னேஷியஸ் கேட்டார், "சரி, அந்தக் கடைப் பிள்ளைகளுக்கு வலியோட போகுது. லோசனிக்கு மட்டும் எதுக்குக் குடல் முறுக்குது?"

"அதுகளுக்குச் சொந்த நரம்பு இருக்கு, எப்படியோ சமாளிச்சுக்கிடுது. லோசனிக்கு வேற நாதி இல்ல. இடுப்புல இருக்கிற பெல்ட்டு தள்ளுங்குது, கூரை நில்லுங்குது. ஒருத்தன் வண்டியைப் பின்னாலருந்து தள்ள, இன்னொருத்தன் பிரேக்கை மிதிச்சா என்ன ஆகும்? அதான்."

"அப்ப இனிமே அந்தக் கடைப்பக்கம் போகாம இருந்தாப் போதும்."

"போதுமா?" என்றாள் அவள். "இவ போகாம இருந்துக்கிடுவா. உள்ளேயே நிக்கிறவங்க?"

புகார் எழுதினாள். ஆஸ்பத்திரி நிர்வாகம் கூப்பிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்து, ஊர் பேரைக் கெடுக்காதீர்கள் என்றது. அவள் மேலே எழுதினாள். அதற்கும் மேலே எழுதினாள். கடைசியில் விசாரணைக்குத் தேதி வந்தது. கடைப் பெண்கள் யாரும் சாட்சிக்கு வரத் துணியவில்லை, வேலை போய்விடும். வருகிறேன் என்றவள் லோசனிதான்.

"வெளிய தெரிஞ்சுரும் லோசனி. கல்யாணம்..."

"அவர்கிட்ட நானே சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கணும்னாரு." அவள் தோளைக் குலுக்கினாள். "யோசிக்கட்டும். மூணு தடவை சாகப் பார்த்ததை ஒருத்தர்கிட்டயாவது சத்தமாச் சொல்லணும்போல இருக்கு எனக்கு. அம்மா ஒரு வாரமா என்கூடப் பேசல."

ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அரசு அலுவலகம் அது. எந்தத் துறை, எந்த அலுவலகம் என்று பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பெரிய ஹால், வரிசையாக மேசைகள், தலை நிமிராமல் தட்டச்சு செய்கிற பெண்கள், கோடியில் அதிகாரியின் அறை, அறை வாசலில் லத்தியோடு ஒரு பெண் காவலர். இந்திராணி என்று அவர் மார்பில் எழுதியிருந்தது. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். உட்காருங்க, சார் கூப்பிடுவார் என்று உட்கார வைத்தவர்கள்தான். உட்கார வைத்தது வைத்ததுதான்.

மங்கையர்க்கரசி பேச வேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. மத்தியானம் தாண்டியது. அவளுக்குப் பசிக்கவில்லை. ஆத்திரத்தில் பசிகூடச் செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். லோசனிக்காவது ஏதாவது வாங்கிக் கொடுப்போம் என்று எழுந்து இந்திராணியிடம் போனாள்.

"கேன்டீன் எந்தப் பக்கம்மா?"

"கேன்டீனை மூடிட்டாங்க மேடம்."

"இன்னைக்கா?"

"ரெண்டு மூணு மாசம் இருக்கும். ஒருத்தரும் சாப்பிடப் போறதில்ல, சும்மா எதுக்குன்னு."

அவள் திரும்பி ஹாலைப் பார்த்தாள். மணி மூன்றை நெருங்கியிருந்தது. அத்தனை மேசையிலும் அத்தனை பெண்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஒருத்தி எழுந்து போகவில்லை. கூரையில் வரிசை வரிசையாகச் சதுர விளக்குகள்.

அவள் நின்ற இடத்திலேயே ஸ்டெதாஸ்கோப்பைத் தன் வயிற்றில் வைத்தாள். ஊமை.

சுவரோரத்து பெஞ்சில் லோசனி குனிந்து உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் வயிற்றில். நெற்றியில் வேர்வை.

"எப்பருந்து வலிக்குது?"

"கொஞ்ச நேரமாத்தான் மேடம்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "விசாரணை முடியட்டும்னு பார்த்தேன். நடுவுல எந்திரிச்சா தப்பா நெனைப்பாங்க."

மங்கையர்க்கரசி பெண்ணைத் தோளோடு அணைத்து, தூக்காத குறையாக வெளியே இழுத்துக்கொண்டு போனாள். வாசலுக்கு அப்பால், வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அதன் கீழே தரையில் படுக்க வைத்து, பெல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆறவிட்டு, திரும்பக் கட்டி, ஓடையை மெதுவாகத் திறந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இக்னேஷியஸைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் அனுப்பச் சொன்னாள். ஆபரேஷன் அறையைத் தயார் பண்ணவா என்று அவர் கேட்டார். அவள் மறுபடியும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். லோசனி அவள் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது.

பிறகு, அடி வயிற்றில் எங்கேயோ ஒரு சின்னச் சத்தம். தண்ணீர்ப் பானையை நகர்த்தினாற்போல. இன்னொன்று. லோசனி கண்ணைத் திறந்தாள்.

"நகருது மேடம்."

"நகருது," என்றாள் மங்கையர்க்கரசி. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் அது ஆனந்தக் கண்ணீரில்லை. ஒரு கடையென்றால் போகாமல் இருக்கலாம். இனி இந்தப் பெண் எந்தக் கூரைக்குக் கீழே நம்பி உட்காருவாள்? "படுத்திரு. ஆம்புலன்ஸ் வந்துரும். நான் இப்ப வந்துர்றேன்."

அவள் திரும்ப ஹாலுக்குள் போனபோது அதிகாரியின் அறையிலிருந்து மணி அடித்தது. "டாக்டர் மங்கையர்க்கரசி உள்ள வரலாம்" என்றார் இந்திராணி.

"உங்களுக்கு ஊசி போட்டாங்களா?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

இந்திராணி அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாருக்கும் போட்டாச்சு மேடம். பந்தோபஸ்துக்கு வசதின்னாங்க. ரோட்டுல நிக்கையில தண்ணி குடிக்க மாட்டோம், பாத்ரூமுக்கு எங்கன போறது? அதனால நல்லதுன்னுதான் நெனைச்சோம். அப்புறம் ஆபீஸ்லயும் விளக்கை மாட்டிட்டாங்க." லத்தியைக் கை மாற்றிக்கொண்டார். "எம்புள்ள சோத்தைப் பெசைஞ்சு ஊட்டிவிட வர்றான் மேடம், வீட்டுக்குப் போனா வர்ற வலியில எனக்கு வாயில வைக்கவே பிடிக்கல. பசின்னா எப்படி இருக்கும்னே மறந்து போச்சு."

"அது என்னோட விளக்கு. நான் செஞ்சது. குழந்தைங்களுக்காகச் செஞ்சது." மங்கையர்க்கரசியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. "உங்க யாரையும் கேட்காம உங்க வயித்தை வாங்கியிருக்காங்க. அந்த லத்தியை இப்படிக் குடுங்க."

இந்திராணி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"நீங்க குள்ளம் மேடம்," என்றார். "எட்டாது."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பூட்ஸோடு ஏறினார். முதல் விளக்கு ஒரே அடியில் உடைந்து கொட்டியது. இரண்டாவதற்கு, முன்வரிசை மேசையிலிருந்த அம்மாள் எழுந்து வந்து நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பிறகு பின்வரிசையில் யாரோ குடையை எடுத்தார்கள். ஒருத்தி கதவோரம் கிடந்த கம்பியை எடுத்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. வரிசை வரிசையாக வேலை நடந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். பாதி ஹால் இருட்டிக் கிடந்தது. தரையெல்லாம் கண்ணாடி. மேசைகளின் மேல் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன நடக்குது இங்க?"

பதிலுக்கு யாருடைய வயிறோ கடகடவென்று நீளமாகச் சத்தம் போட்டது. இந்திராணி நாற்காலியில் நின்றபடியே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றார். "சாப்பாட்டு நேரம்."